ஊசி போட்ட முழங்கால்

என் மனைவி வலிக்கிறது என்று சொல்லமாட்டாள். அவள் முழங்கால் தேய்ந்துபோன சங்கதியை எனக்குச் சொன்னது தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம்தான். மேற்கே ஏறிக் கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தோம். நான் கீழே வந்து திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மேலே, படிகள் தொடங்கும் இடத்தில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கால் கீழ்ப்படியில், இன்னொன்று மேல்படியில். மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிய கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. "என்னாச்சு?" என்று கீழிருந்தே கத்தினேன். "ஒண்ணுமில்ல, செருப்பு வழுக்குது" என்றாள்.

அது புதுச்செருப்பு. வழுக்குகிற செருப்பு இல்லை. அன்றிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றி, ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் எழுந்தாள். நடக்கும்போது உடம்பு பக்கவாட்டில் ஆடியது. தரையில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து மீன் கழுவுகிறவள், எப்போதோ சமையல் மேடைக்கு மாறி, நின்றபடியே கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்த வீட்டிலேயேதான் இருந்தேன். என் கண்ணில் படவில்லை.

படாததற்குக் காரணம் உண்டு. நான் சத்தம் போடுகிற ஆள். குரோம்பேட்டையில் ஒரு கல்லூரிப் பட்டறையில் லேத் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்ற பிறகும் தொண்டை ஓய்வு பெறவில்லை. ஆட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர், கேபிள்காரர் எல்லோருக்கும் என் குரல் தெரியும். ஒரு காலத்தில் என் மனைவியும் எனக்குச் சளைத்தவள் இல்லை. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்லுவாள். எங்கள் வீட்டு இட்லிப் பானையில் இன்னும் ஒரு நெளிவு இருக்கிறது. அது அவள் போட்ட நெளிவு.

பிறகு எனக்கு நெஞ்சுவலி வந்தது. ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது இதய டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, "இவருக்கு டென்ஷன் குடுக்காதீங்கம்மா, எதுவா இருந்தாலும் பக்குவமா சொல்லுங்க" என்றார். உப்பைக் குறையுங்கள் என்பதுபோல எல்லோருக்கும் சொல்வதுதான். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அன்றோடு எங்கள் வீட்டில் கெட்ட செய்தி நின்றுபோயிற்று. மோட்டார் எரிந்தது, மகளுக்கும் அவள் மாமியாருக்கும் மனஸ்தாபம், என் சித்தப்பா மகன் செத்தது, எல்லாமே எனக்கு வடிகட்டி, ஆறவைத்துத்தான் வந்தன. சண்டையும் நின்றது. நான் குரலை உயர்த்தினால் அவள் சொல்வது ஒன்றுதான்: "சத்தம் போடாதீங்க, நெஞ்சுக்கு ஆகாது." அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, இவளும் இத்தனை வருஷத்தில் நகர்ந்து வந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முழங்கால் உறை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. இழுத்து மாட்டுகிற மாதிரி, கருப்பு நிறத்தில். என் கண்ணில் படக்கூடாதென்று அங்கே போட்டிருந்தாள். பக்கத்தில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்ப் புட்டி. பிறகுதான் தெரிந்தது, நடைப்பயிற்சிப் பூங்கா வாசலில் மூட்டுவலிக்கென்று விற்கிற முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைக்கூட அவள் மாதக்கணக்கில் வாங்கிக் குடித்திருக்கிறாள் என்று. கோயிலுக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு அங்கே போயிருக்கிறாள். உறையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "இது என்ன?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "வயசாகுதில்ல" என்றாள். நான் கத்த ஆரம்பித்தேன். அவள் வழக்கமான பதிலைச் சொன்னாள். மறுநாளே ஆட்டோ பிடித்து எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

சேலையூர்ப் பக்கம் ஒரு சின்ன கிளினிக். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். பேச்சு முழுக்க முழங்காலைப் பற்றித்தான். யாருக்கு ஜெல் ஊசி, யாருக்குத் தன் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடுகிற ஊசி, யார் ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது காரே ஓட்டுகிறாள். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவளை நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்தார். சிரிக்காத மனிதர், ஆனால் அவசரப்படாதவர். "இங்க ரெண்டு எலும்புக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும்மா. வலது பக்கம் அது ரொம்பக் குறைஞ்சிருக்கு. குருத்தெலும்பு தேய்ஞ்சுபோச்சு" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். வருகிற எல்லோரிடமும் அதைக் கேட்பாராம். வைத்தியத்தை அதற்கேற்பத்தான் முடிவு செய்வாராம். "இந்தக் கால் நல்லாயிட்டா முதல்ல என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?"

நான் முந்திக்கொண்டேன். "மாடிப்படி ஏறணும் சார். மார்க்கெட்டுக்குப் போய்வரணும். என்கூட சாயந்தரம் கொஞ்சம் நடக்கணும்."

அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "அம்மா சொல்லட்டும் சார்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மடியில் இருந்த பையின் பிடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "மாதா கோயில் கேட்டுலேர்ந்து பீடம் வரைக்கும் முழங்கால்லயே நடந்து போகணும் டாக்டர். மண்டி போட்டு. ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் இது எப்படிப் போனாலும் பரவால்ல."

டாக்டர் பேனாவை மூடினார். "நேர்ச்சையா?"

"ஆமா டாக்டர். இவருக்கு நெஞ்சுவலி வந்தப்ப நேர்ந்துக்கிட்டது. இன்னும் செய்யல."

எனக்கு அது அப்போதுதான் தெரியும். என் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம், எனக்குப் பத்து வருஷமாகத் தெரியாமல் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. ஒரு முன்பின் தெரியாத டாக்டரிடம், எக்ஸ்ரே வெளிச்சத்தில், அவள் அதைச் சொல்லிவிட்டாள். கோபம் வந்தது. என்ன கோபம் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

டாக்டர் பொறுமையாகவே பேசினார். வலி மாத்திரையை நெடுநாள் போட இவளுக்கு வயிறு தாங்காது. ஸ்டீராய்டு ஊசி ஒன்று முட்டிக்குள் போடலாம். வீக்கம் வற்றும், வலி தணியும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு எந்த ஊசிக்கும் திரும்பி முளைக்காது. சர்க்கரை இருப்பதால் சில நாள் அளவு ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும். தொடைத் தசைக்கான பயிற்சியை விடக்கூடாது. இதே ஊசியை நினைத்தபோதெல்லாம் போடவும் முடியாது, போட்டால் உள்ளதும் கெடும்.

"வலி வாட்ச்மேன் மாதிரிம்மா" என்றார். "ஊசி போட்டா வாட்ச்மேன் தூங்கிடுவான். திருடன் போயிட்டான்னு அர்த்தமில்ல. அந்த நேரத்துல மண்டி போட்டு அந்த எலும்பு மேல பாரத்த எறக்கினீங்கன்னா, நீங்களே கதவத் திறந்துவிட்ட மாதிரி. நான் ஊசி வலிக்குப் போடறேன். மண்டி போடறதுக்காகப் போடமாட்டேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு, "வாட்ச்மேன் எத்தன நாள் தூங்குவான் டாக்டர்?" என்று கேட்டாள்.

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். "ஆளுக்கு ஆள் மாறும். சில வாரம். சிலருக்கு ரெண்டு மூணு மாசம். சிலருக்கு ஒண்ணுமே தெரியாது." அவள் விரல்கள் பைக்குள் நகர்ந்தன. செப்டம்பர் வரை கணக்குப் போடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாதா திருவிழா அப்போதுதான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் வாயை மூடவில்லை. யாரைக் கேட்டு நேர்ந்தாய், என் உயிரை வைத்துப் பேரம் பேச உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது, ஸ்டென்ட் வைத்தது டாக்டரா மாதாவா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். நான் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். ஆனால் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் கோயிலுக்குப் போவேன், அதிலும் வேப்பமரத்தடியில் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுவிடுவேன். மண்டி போட்டதே இல்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "சார், அக்காவ இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்ணிகினு வர்ற? பாவம், காலு வேற முடியாம கீது" என்றார். அவருக்கும் சேர்த்து இரண்டு வார்த்தை சொன்னேன்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அவள் பேசினாள். ஐசியு வாசலில் நின்றபோது நேர்ந்துகொண்டதாம். அவளுக்குத் தெரிந்த வேண்டுதல்களிலேயே கஷ்டமானதைத் தேடி எடுத்தாளாம், சின்னதாக நேர்ந்தால் சின்னதாகத்தான் கிடைக்கும் என்று. முதல் வருஷம் என்னைத் தனியே விட்டுப் போகப் பயம். அடுத்து மகளின் பிரசவம். பிறகு கொரோனாவில் கோயில் கதவே மூடியிருந்தது. திறந்தபோது முழங்கால் மூடிக்கொண்டது.

"போன மாசம் உங்களுக்கு மூச்சு வாங்கி, மாத்திர மாத்திக் குடுத்தாங்களே, அது ஏன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். "குடுத்தவங்களுக்குத் திருப்பிக் கேக்கவும் தெரியும். அவங்க கேக்கறதுக்குள்ள நான் செஞ்சிடணும்."

பயம் என்றால் அது பயம். முகத்தில் ரத்தமே இல்லை. பத்து வருஷமாக என் ஒவ்வொரு தும்மலையும் இருமலையும் அவள் எப்படிக் கேட்டிருப்பாள் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். மேற்கொண்டு கத்த முடியவில்லை.

நான் கோயிலுக்கே போனேன், பங்குச் சாமியாரைப் பார்க்க. என் பேர்கூட அவருக்குத் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் அவளை வரவழைத்து அன்பாகப் பேசினார். இப்படி உடம்புக்கு முடியாமல் போனால் நேர்ச்சையை வேறொன்றாக மாற்றிக்கொள்ளத் திருச்சபையே வழி வைத்திருக்கிறது, நாலு ஏழைகளுக்குச் சாப்பாடு போடுங்கள், அது போதும், நான் சொல்கிறேன் என்றார். அவள் பயபக்தியோடு, "சரிங்க ஃபாதர்" என்றாள். ஏழைகளுக்குச் சாப்பாடும் போட்டாள். அன்று மாலை நான் நிம்மதியாக, "முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "எது?" என்றாள். "நான் ஃபாதர்கிட்டயா நேர்ந்தேன்?"

"அப்ப நான் போறேன் முழங்கால்ல. எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு."

"உங்க உசுருக்கு நீங்களே போறதா? பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்தற மாதிரி." டீச்சர் புத்தி எங்கே போகும். அதற்கு மேல் அந்தப் பேச்சில் இடமில்லை.

ஊசி போட்ட அன்று நான் கூடவே இருந்தேன். கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார்கள். பழுப்பு மருந்தால் முட்டியைச் சுற்றித் துடைத்தார்கள். டாக்டர் விரலால் எலும்பின் ஓரத்தைத் தடவி, இடம் பார்த்து, ஊசியை இறக்கினார். முதலில் உள்ளே கட்டியிருந்த நீரை இழுத்தார், நல்லெண்ணெய் நிறத்தில் வந்தது. பிறகு அதே ஊசி வழியாக மருந்து போயிற்று. அவள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள். எனக்கு வலித்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஒரு மாலை. வீடு முழுக்கத் தேடியும் அவளைக் காணவில்லை. வாசலுக்கு வந்து கூப்பிட்டேன். பதில் மேலேயிருந்து வந்தது. மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரோரம், காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவள் அங்கே ஏறிப் பல வருஷம் ஆகியிருந்தது. "அந்தப் பக்கம் எவ்வளவு வீடு வந்துடுச்சு பாருங்க, ஏரியே தெரியல" என்றாள். நானும் ஏறிப் போனேன். விமானம் ஒன்று மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அது மறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரங்கள் நல்ல வாரங்கள். மாலையில் சேர்ந்து நடந்தோம். சண்முகம் சாலைக் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக நின்று பார்த்துக்கொண்டே போனாள், வாங்குவதற்கு எதுவும் இல்லாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை படப்பையில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் பஸ்ஸிலேயே போய்வந்தோம். அவள் படியில் தானாகவே ஏறினாள். ஊசி வேலை செய்கிறது, நேர்ச்சையை மறந்துவிடுவாள் என்று நான் மனப்பால் குடித்தேன். அவள் எதையும் மறக்கிற பெண் இல்லை என்பது எனக்குத் தெரியாதா.

கோயிலில் கொடியேறியது. ஒலிபெருக்கியில் ஜெபமாலை எங்கள் வீடு வரை கேட்டது. கொடிக்கும் தேருக்கும் நடுவில் கூட்டமில்லாத ஒரு வார நாளை அவள் தேர்ந்தெடுத்தாள். காலையில் குளித்து, பழைய நூல் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, "போயிட்டு வந்துடறேன்" என்றாள், காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலில் கிடந்த இரண்டு தலையணைகளையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். "இது எதுக்கு?" என்றாள்.

"மடத்தனம்தான் பண்ணப்போற. அதையாவது தலையணை போட்டுப் பண்ணு."

"நேர்ச்சைன்னா வலிக்கணும்."

"வலி படாமலா இருந்த இத்தன வருஷமா? அதெல்லாம் கணக்குல சேராதா? டாக்டர் உள்ள போட்ட ஊசி மட்டும் என்ன, அதுவும் ஒரு தலையணைதானே?"

அவள் யோசித்தாள். தெருவில் நின்று நன்றாகவே யோசித்தாள். "சரி, எடுத்துட்டு வாங்க" என்றாள். "சத்தம் மட்டும் போடாதீங்க."

கேட்டுக்கு வெளியே பூ விற்கிற பெண்ணும் மெழுகுவர்த்திக் கடைக்காரரும் இருந்தார்கள். காலைப் பூசை முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். அவள் கேட்டைத் தொட்டுக் கும்பிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெல்ல முழங்காலைத் தலையணையில் இறக்கினாள். பூக்காரப் பெண் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, தலகாணி மேலயா நேர்ச்ச?" என்றாள். நான் முறைத்தேன். அவளே, "பரவால்ல வுடு, இந்த வயசுல அதுவே பெர்சு" என்று சொல்லி, ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் மனைவியின் தலையில் சொருகிவிட்டாள்.

முன்னால் ஒரு தலையணை வைப்பேன். அவள் ஒவ்வொரு காலாக அதற்கு மாறுவாள். பின்னால் கிடப்பதை எடுத்து மறுபடி முன்னால் வைப்பேன். சிமென்ட் கல் பாவிய பாதை. கொடிமரம் வரை நான் குனிந்து குனிந்து வைத்தேன். மூச்சு இரைத்தது. அவள் நின்றுவிட்டாள். "வேணாம், நீங்க போய் அந்த மரத்தடியில உக்காருங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எதுக்கு இதப் பண்றேன்?" என்றாள். அவள் கண்ணில் அந்தப் பயம் மறுபடி வந்தது. குனிந்து நிமிர்வதுதான் இரைக்கிறது, கீழேயே இருந்தால் இரைக்காது என்று எனக்குத் தோன்றியது. நானும் மண்டியிட்டு, அவளைப் பார்த்தபடி, பின்னோக்கி நகர்ந்தேன்.

வாசலில் படிகள் இருந்தன. சக்கர நாற்காலிக்காகப் பக்கத்தில் கட்டியிருந்த சாய்தளத்தின் வழியாக ஏறினோம். உள்ளே பளிங்குத் தரை, தலையணை வழுக்கியது, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் முகம் எனக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில் இருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவ்வளவு நேரம் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. வேர்த்துக் கொட்டியது. பாதிக் கோயில் தாண்டியதும் வலது கால் நடுங்க ஆரம்பித்தது. வாட்ச்மேன் விழித்துக்கொண்டான். போதும், இதுவரை வந்ததே போதும் என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தலையணைக்கு வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க இடமில்லை, அவள் எதிரிலேயே அழுதேன்.

பீடத்தின் கம்பியைத் தொட்டதும் அவள் நெற்றியை அதில் வைத்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. பிறகு எழ முயன்றாள், முடியவில்லை. தூக்கிவிடலாம் என்று நான் எழப் பார்த்தேன், என்னாலும் முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தோம். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஓடிவந்து முதலில் அவளையும் பிறகு என்னையும் தூக்கி பெஞ்சில் உட்காரவைத்தார். என் பேன்ட் இரண்டு முட்டியிலும் கிழிந்திருந்தது. எனக்கென்று தலையணை எதுவும் நாங்கள் கொண்டுபோகவில்லை.

மறுநாளே முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டர் பார்த்தார், அவளை ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "சார், நீங்களாவது தடுத்திருக்கலாமே." நீரை எடுத்துவிட்டு, கட்டுப்போட்டு, பயிற்சியைச் சில நாள் கழித்துத் தொடங்கச் சொன்னார். இப்போதைக்கு அடுத்த ஊசி கிடையாது என்றார். கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, மூட்டு மாற்று ஆபரேஷனைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்றார். மொட்டை மாடி, கடைத்தெரு, படப்பை பஸ், எல்லாம் போயிற்று. ஆட்டோவில் வரும்போது நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தச் சில வாரங்களைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்காகச் செலவழித்துவிட்டாள்.

அன்று மாலை கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ஏதோ யோசனையில், வழக்கம்போல உள்பக்கம் பார்த்து, "ஒரு டீ போடேன்" என்று குரல் கொடுத்தேன். சொன்ன பிறகுதான் அவள் நிலைமை ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள், அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்கும் என்று நினைத்தேன்.

கேட்டது அவள் குரல். நல்ல சத்தமாக, பழைய குரல். "உங்களுக்குக் கண்ணு தெரியல? எழுந்து போய் நீங்களே போட்டுக்குங்க. எனக்கு முழங்கால் உயிர் போற மாதிரி வலிக்குது."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷத்தில் என்னிடம் அவள் வலிக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "காதுல விழுதா இல்லையா?" என்று உள்ளேயிருந்து மறுபடி சத்தம் வந்தது. விழுகிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். என் முட்டியும் எரிந்தது.

இரண்டு பேருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். காலை நீட்டி ஒரு தலையணை மேல் வைத்திருந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "கழனித்தண்ணி மாதிரி இருக்கு. இத்தன வயசாகியும் ஒரு டீ போடத் தெரியல உங்களுக்கு" என்றாள். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். அவள் இரண்டு சொன்னாள். நெஞ்சுக்கு ஆகாது என்று மட்டும் சொல்லவில்லை.